கொக்கிக்கு மேலே கறிவேப்பிலைத் தொட்டி

"மாடியில் பூந்தொட்டி வைத்திருப்போர் எல்லாத் தொட்டிகளையும் தரையிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும். தவறினால் தொட்டிகள் அப்புறப்படுத்தப்படும். – செயலாளர்."

எங்கள் குடியிருப்பின் படிக்கட்டு வளைவில், மின்சார மீட்டர்களுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பு இது. அப்படியே என் டைரியில் எடுத்தெழுதி வைத்திருக்கிறேன். அதில் தேதி இல்லை. கல்லூரி நூலகத்தில் காலம் கழித்தவள் நான். தேதி இல்லாத தாளைக் கண்டால் எனக்குக் கை நமநமக்கும். அதனால் அடியில் நானே பென்சிலால், "தீபாவளிக்கு முந்தைய வாரம். பெருங்களத்தூரில் ஊருக்குப் போகிற கூட்டம். பஸ் நகரவில்லை" என்று குறித்திருக்கிறேன்.

பெருங்களத்தூர் வீட்டைக் காலி செய்து சேலையூர்ப் பக்கம் வந்த கதையைச் சென்ற வாரம் எழுதியபோது, தொட்டிகளை வேனில் ஏற்றியதைப் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "மாடியில் தொட்டிகளைத் தரையிலேயே வைக்கலாமா, உயர்த்தித்தான் வைக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார். உயர்த்தி வையுங்கள் அம்மா என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். எங்கள் வீட்டில் அந்த ஒரு வரி ஒரு பச்சைக் குழந்தையின் தலைக்கு மேல் வந்து நின்றது. அதைச் சொல்லாமல் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

துளி

அறிவிப்பு ஒட்டப்படுவதற்கு முன்பே அது தொடங்கிவிட்டது.

"எஸ்தர்க்கா, ஒரு நிமிஷம் வாங்களேன். சாரைக் கூப்பிடாதீங்க. நீங்க மட்டும்."

எதிர் வீட்டு நூர்ஜஹான் வாசலில் நின்றாள். எங்கள் இரண்டு வீடுகளும் மேல் தளத்தில் எதிரெதிராக இருப்பவை. இரண்டுக்கும் மேலே மொட்டை மாடிதான். அவள் மகள் ஷபானா பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. நாற்பது நாள் கழிந்து புகுந்த வீட்டுக்கு அனுப்புவது அவர்கள் வழக்கம். அது முடிய இன்னும் நாள் இருந்தது.

படுக்கையறையில் சாம்பிராணி வாசனை. கூரையின் நடுவில் ஒரு இரும்புக் கொக்கி. அதிலிருந்து நூர்ஜஹானின் பழைய வெள்ளை வாயில் பருத்திச் சேலை தூளியாகத் தொங்கியது. உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சேலையின் வளைவில் ஒரு சின்னக் குதிகால் மட்டும் புடைத்துத் தெரிந்தது.

"மேல பாருங்க."

கொக்கியைச் சுற்றிக் கூரையில் ஒரு ஈரப் படலம், தோசைக் கல் அகலத்துக்கு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொக்கியின் வளைவில் ஒரு துளி திரண்டது. விழவில்லை. அங்கேயே பருத்துக்கொண்டு நின்றது.

"எப்போலேந்து நூரு?"

"ராத்திரி மழைக்கு அப்புறம்தான். இந்த எடத்துக்கு நேர் மேல என்னக்கா இருக்கு?"

அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாடியில் செடிக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாய் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆகவே என் கணவர் சாமுவேலின் தொட்டிகள் எல்லாம் அந்தப் பக்கம்தான் இருந்தன.

"சண்டை போடணும்னு கூப்பிடலக்கா. எனக்கு அந்தக் கொக்கியப் பாத்தா பயமா இருக்கு. தூளிய அவுத்துட்டா இவ தூங்க மாட்டேங்கிறா. கீழ போட்டா வீல்னு கத்துறா."

அந்தக் கொக்கியை மாட்டியது அவள் கணவர் இக்பால் பாய். கீழ்க்கட்டளையில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். பேத்திக்கென்று கடையிலிருந்தே கனமான கொக்கியாகப் பொறுக்கி எடுத்து வந்து, தானே டிரில் மெஷினால் கூரையில் துளை போட்டு இறக்கினார். அன்று எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடி வரை அதிர்ந்தது.

தரை வாதம்

இங்கே என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார். அந்தக் காரணம் தப்பு என்று மெய்ப்பிக்கும் வரை அசைய மாட்டார்.

தொட்டியை உயர்த்தி வைக்க வேண்டும் என்பதற்கு உலகத்தில் எத்தனையோ நியாயங்கள் உண்டு. நானும் வாசித்திருக்கிறேன். அடித்துளை அடைபடாது, நீர் தேங்கி வேர் அழுகாது, சித்திரை வெயிலில் கொதிக்கிற தளம் வேரை வேகவைக்காது, அடியில் பூரான் குடியேறாது. பெருங்களத்தூர் வீட்டில் தொட்டிகள் முற்றத்து மண்ணிலேயே இருந்தன. காலி செய்த அன்று செம்பருத்தித் தொட்டி எழும்பவே இல்லை. துளை வழியாக வேர் இறங்கி மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. இழுத்த இழுப்பில் செடி மட்டும் கையோடு வந்தது. புது வீட்டுக்கு வந்த வாரமே பட்டுப்போனது.

இதெல்லாம் அவருக்கும் தெரியும். ஆனால் அவர் மனதில் ஒரு காற்று வீசிக்கொண்டிருந்தது.

நாங்கள் இங்கே வந்த புதிதில் ஒரு புயல். அப்போது ரோஜாத் தொட்டி ஒன்றை அவர் இரும்பு ஸ்டாண்டில் வைத்திருந்தார். காற்று அதைத் தூக்கிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு ஷீட் கூரையில் போட்டது. கூரை உடைந்தது. கீழே யாரும் இல்லை. "யாராவது இருந்திருந்தா?" என்று அவர் அன்று கேட்டதை அதன் பிறகும் அவர் வாயால் பல முறை கேட்டுவிட்டேன். அன்றைக்கே ஸ்டாண்டைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தொட்டி என்றால் அது தரையில்தான்.

மாடியில் ஒரு கூட்டம்

ஒழுகல் காதுக்கு எட்டி அந்த அறிவிப்பை எழுதிய முரளி எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். சிறுசேரியில் மென்பொருள் வேலை. பாதி நாள் வீட்டிலிருந்தே. ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் மாடிக்கு வரச் சொன்னார். எங்கள் ஆராதனை முடிந்து வரும்வரை காத்திருந்தது அவர் மரியாதை.

"அங்கிள், சிம்பிள். தொட்டிக்கு அடியில ஏர் கேப் இருந்தா தளம் காயும். காஞ்சா லீக் வராது. செங்கல் வெச்சு ஏத்திடுங்க. அதுக்கப்புறமும் ஒழுகுச்சுன்னா தொட்டி மொத்தமும் எடுத்துடணும். ஓகேவா?"

"காத்துல விழுந்தா?"

"செங்கல் மேலேந்து எப்படி அங்கிள் விழும்?"

"விழாதுன்னு நீ எழுதிக் குடுப்பியா?"

தாம்பரம் விமானத் தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் போனது. சத்தம் அடங்கும்வரை எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இக்பால் பாய்தான் முதலில் பேசினார். அவரும் என் கணவரும் சாயங்காலம் ஒன்றாக நடக்கப் போகிறவர்கள். ஒருவர் வராவிட்டால் மற்றவரும் போக மாட்டார்.

"சார், உங்க செடி மேல எனக்கு இன்னா கோவம்? எங்க வூட்டுக் கறிவேப்பில உங்க தொட்டிலேந்துதான் வருது. ஆனா ஷபானா மாமியார் போன் பண்ணிக்கினே கீறாங்க. 'ஒழுகுற வூட்டுலயா புள்ளைய வெச்சிகினு கீறீங்க, அனுப்பி வெச்சிடுங்க'ன்றாங்க. நாப்பது முடியாம எப்டி சார் அனுப்புறது? பேஜாராக் கீது."

என் கணவர் தொட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து காலையில் அவர் முதலில் போய் நிற்கிற இடம் அது. நந்தியாவட்டை, துளசி, ரோஜா, வரிசைக் கடைசியில் மார்பளவு உயரத்துக்குக் கறிவேப்பிலை.

"ஏத்திடறேன் பாய்" என்றார்.

வேர்

மழை விட்டிருந்த ஒரு காலையில் அவரும் இக்பால் பாயும் சேர்ந்தே தூக்கினார்கள். மற்றவை எல்லாம் எழும்பின. கறிவேப்பிலை எழும்பவில்லை.

சாய்த்துப் பார்த்தபோது துளையிலிருந்து விரல் தடிமனில் ஒரு வேர் இறங்கி, தளத்தில் பதித்த தட்டோடுகளின் இடுக்கில் புகுந்திருந்தது. எனக்குப் பெருங்களத்தூர்ச் செம்பருத்தி ஞாபகம் வந்தது. இங்கே அடியில் மண் இல்லை. தட்டோடு, அதற்கடியில் சுண்ணாம்பு ஜல்லி, அதற்கடியில் காங்கிரீட், அதற்கடியில் குழந்தை.

"வேர் உள்ள போயிருக்கு பாய்."

"போனா போவுது, அறுத்து வுடுங்க சார். இழுத்தா ஓடு பேந்துக்கும்."

நான் சமையலறைக் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தேன். வேரை அறுத்தார். இடுக்கில் மிச்சம் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. அதன் மேல் கொஞ்சம் சிமெண்டைக் குழைத்துத் தடவினார்.

பிறகு செங்கல். மழைநீர்க் குழாய்க்குப் போகும் துளை இருந்த மூலைக்கு முன்னால், ஒரு பக்கக் கைப்பிடிச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவர் வரை, செங்கற்களை ஒன்றையொன்று ஒட்டி நீளமாக அடுக்கினார். ஆடக் கூடாது என்பதற்காக இடைவெளிகளில் சிமெண்ட் பூசினார். தொட்டிகள் மேலே ஏறியதும் கம்பியால் ஒன்றோடொன்று கட்டினார். காற்றுக்கு ஒரு வழியும் வைக்கவில்லை.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்து வராண்டாவில் போட்ட பெஞ்சு மாதிரி.

முரளி போட்டோ எடுத்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். எல்லோரும் கட்டைவிரல் உயர்த்தினார்கள். நானும்தான்.

அடுத்து வந்த நாட்களில் வெயில் அடித்தது. கூரையில் இருந்த ஈரம் காய்ந்து ஒரு மஞ்சள் வளையம் மட்டும் மிஞ்சியது. இக்பால் பாய் கொக்கியைப் பிடித்துத் தானே தொங்கிப் பார்த்தார். "இவ்ளோ வெயிட்டத் தாங்குது, அந்தப் பூவத் தாங்காதா?" என்று சிரித்தார். தூளி மறுபடி ஏறியது. நூர்ஜஹான் எங்களுக்குச் சேமியாப் பாயசம் கொடுத்தனுப்பினாள்.

தொட்டிகள் உயர்ந்ததால்தான் ஒழுகல் நின்றது என்று எல்லோரும் நம்பினோம். என் டைரியிலும் அப்படித்தான் இருக்கிறது: "உயர்த்தியது பலித்தது." அந்த நாட்களில் மழையே பெய்யவில்லை என்பதும் அதே பக்கத்தில் மேல் வரியில் இருக்கிறது. இரண்டையும் எழுதிய நான் இரண்டையும் சேர்த்துப் படிக்கவில்லை.

தாழ்வு மண்டலம்

கார்த்திகையில் வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம். காலையிலிருந்தே மழை. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் நான் நூர்ஜஹான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மின்சாரம் இல்லை. படுக்கையறைக் கதவு திறந்திருந்தது; ஷபானா கட்டிலில் அசந்து தூங்க, குழந்தை தூளியில் இருந்தது. தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தோம்.

நூர்ஜஹான் பேச்சைப் பாதியில் நிறுத்தினாள்.

"அக்கா, தூளில அது என்ன கறை?"

வெள்ளைச் சேலையின் முடிச்சிலிருந்து கீழ்நோக்கி ஒரு பழுப்புக் கோடு. துருத் தண்ணீர். கொக்கி வழியாக இறங்கி, சேலை நூலில் ஊறி, நாங்கள் பார்க்கப் பார்க்கக் குழந்தையின் பக்கமாக நீண்டுகொண்டிருந்தது. மேலே மஞ்சள் வளையம் கறுத்து, அறையின் மூலை வரை பரவியிருந்தது.

அதன் பிறகு ஒரு சத்தம். அப்பளம் முறிகிற மாதிரி.

நூர்ஜஹான் எழுந்ததை நான் பார்க்கவில்லை. அவள் கைகள் தூளிக்குள் போனதைத்தான் பார்த்தேன். குழந்தையை மார்போடு வாரிக்கொண்டு அவள் பின்னால் சாய்ந்து என் மேல் விழுந்தாள். கூரைப் பூச்சு ஒரு முறத்தளவு பெயர்ந்து தூளிக்குள் விழுந்தது. சேலை கனத்து ஆடியது. இப்படியும் அப்படியும், யாரோ உள்ளே படுத்திருப்பது போலவே.

குழந்தை அழவில்லை. அதுதான் எங்களை உலுக்கியது. நூர்ஜஹான் அதன் முகத்தைத் தடவினாள், மூக்கைத் தடவினாள், தலையைத் தடவினாள். ஷபானா விழித்து, "ம்மா, என்னாச்சு? ம்மா!" என்று கத்திய பிறகுதான் அது வாய் திறந்து அழுதது. அப்படி ஒரு அழுகையைக் கேட்டு நான் அதற்கு முன் சந்தோஷப்பட்டதில்லை.

பெஞ்சு

நான் மாடிக்கு ஓடினேன். குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு நூர்ஜஹானும் பின்னாலேயே வந்தாள்.

சாமுவேல் அங்கேதான் இருந்தார். தலையில் பிளாஸ்டிக் கவர், கையில் கயிறு. கறிவேப்பிலைத் தொட்டியைக் கைப்பிடிச் சுவர்க் கம்பியோடு சேர்த்து இறுக்கிக்கொண்டிருந்தார். காற்றையே பார்த்துக்கொண்டிருந்தவர் காலடியைப் பார்க்கவில்லை. தண்ணீர் அவர் கணுக்கால் வரை நின்றது.

மாடியின் தண்ணீர் முழுக்க அந்த மூலைக்கு ஓடிவந்து செங்கல் வரிசையில் முட்டித் தேங்கியிருந்தது. அந்தப் பக்கம், குழாய்த் துளைக்கு முன்னால், தளம் வெறுமனே நனைந்து கிடந்தது. இந்தப் பக்கம் ஒரு குளம். நந்தியாவட்டைப் பூக்கள் வெளியேற வழியில்லாமல் அதில் சுற்றிச் சுற்றி வந்தன. தொட்டிகள் தரையில் இருந்தவரை அவற்றின் உருண்டை அடிகளுக்கு நடுவே தண்ணீர் நெளிந்து போய்க்கொண்டிருந்தது. உயர்த்தினோம். அணை கட்டிவிட்டோம்.

"என்னங்க, தண்ணி போகலை! பெஞ்சு அடைக்குது!"

அவர் குனிந்து பார்த்தார். அதற்குள் படியில் காலடிச் சத்தம். மழைக்குக் கடையைச் சாத்திவிட்டு அப்போதுதான் வண்டியில் வந்து இறங்கிய இக்பால் பாய், ஷபானா சொல்லக் கேட்டு நேரே மேலே ஏறி வந்திருந்தார். உடம்பெல்லாம் தண்ணீர்.

"சார், எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. செடி முக்கியமா, புள்ள முக்கியமா?"

"பாய்..."

"கயிறு கட்டிகினு கீறீங்களே சார்! கீழ தூளில கல்லு கெடக்குது! என் பேத்தி படுத்திருந்த எடத்துல கல்லு கெடக்குது!"

என் கணவர் கயிற்றைக் கீழே போட்டார். தண்ணீர்த் தொட்டி மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்தார். தன் கையால் கட்டியதை ஓங்கி ஓங்கி அடித்தார். அவர் குழைத்த சிமெண்ட் அவரை விட உறுதியாக இருந்தது. வழுக்கி ஒரு முறை முழங்காலில் விழுந்தார். மறுபடி எழுந்து அடித்தார்.

இக்பால் பாய் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு போய்க் கடப்பாரையைப் பிடுங்கினார். நான் குறுக்கே ஓடப் பார்த்தேன்.

"தள்ளுங்க சார். உங்களால ஆவாது."

நாலைந்து குத்தில் ஒரு செங்கல் பெயர்ந்தது. அடுத்ததும். கம்பியால் கட்டியிருந்ததால் ஒரு தொட்டி சரிந்ததும் மற்றவையும் அதோடு சரிந்தன. ரோஜா உடைந்தது. துளசி உடைந்தது. தண்ணீர் அந்த இடைவெளியில் பாய்ந்து, குழாய்க்குள் இறங்கும் ஓசை மழையையும் மீறிக் கேட்டது. பூக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துளைக்குள் போயின.

இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள். "முட்டில ரத்தம் வருது பாருங்க" என்றார் இக்பால் பாய், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

மினிட்ஸில் ஒரு வரி

குழந்தையும் ஷபானாவும் அன்றே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நாற்பது முடியும்வரை எங்கள் படுக்கையறையில்தான் இருந்தார்கள். ஷபானாவின் மாமியார் வந்து பார்த்தார். "இது யார் வீடு?" என்று கேட்டார். "எங்க வீடுதான்" என்றாள் நூர்ஜஹான். நாற்பது முடிந்துதான் குழந்தை போனது.

கொக்கியைக் கழற்றிவிட்டார்கள். மாடியில் இப்போது ஒவ்வொரு தொட்டியும் தனித்தனியாக மூன்று ஓட்டுத் துண்டுகள் மேல் நிற்கிறது. நடுவில் துடைப்பம் புகும். கறிவேப்பிலை கீழே காம்பவுண்டு மண்ணில் இறங்கிவிட்டது. வாசகிக்கு என் பதில் இதுதான்: உயர்த்தி வையுங்கள், ஆனால் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள்.

மிச்சம் ஒன்று இருக்கிறது.

செங்கல் வரிசையால் தண்ணீர் தேங்கியது. அது எல்லோரும் பார்த்தது. ஆனால் அந்த முதல் துளி செங்கல் வைப்பதற்கு முன்பே வந்ததல்லவா? அது எப்படி வந்தது? மேலிருந்து கறிவேப்பிலை வேர் வழி காட்டியதா? கீழிருந்து டிரில் மெஷின் போட்ட துளையா? இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தனவா?

சங்கத்தின் கூட்டக் குறிப்பேடான மினிட்ஸை, கையெழுத்து அழகாக இருக்கிறது என்று, என்னிடம்தான் எழுதச் சொல்வார்கள். "ஆன்ட்டி, காரணம் என்னன்னு ஒரு வரி வேணும். அங்கிள் தப்பா, பாய் தப்பான்னு எல்லாரும் கேக்குறாங்க" என்றார் முரளி.

கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. மேலே வேர் மிச்சம் இருக்கும் புள்ளிக்கும் இரண்டு சுவர்களுக்கும் உள்ள தூரம். கீழே கொக்கித் துளைக்கும் அதே இரண்டு சுவர்களுக்கும் உள்ள தூரம். ஒப்பிட்டால் போதும். அளவு டேப்பை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன்.

கூடத்தில் என் கணவரும் இக்பால் பாயும் நடக்கப் போவதற்காகச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். என் கையில் டேப்பைப் பார்த்ததும் இருவரும் நிமிர்ந்தார்கள். என் கணவர் கூரையைப் பார்த்தார். இக்பால் பாய் தரையைப் பார்த்தார்.

நூர்ஜஹான் வந்து டேப்பை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள்.

"ஜன்னலுக்குத் திரை தைக்கணும்க்கா. இது எங்கிட்ட இருக்கட்டும்."

"எப்போ திருப்பித் தருவே?"

"தைக்கும்போது சொல்றேன்" என்று சொல்லி அலமாரிக்குள் வைத்துச் சாத்தினாள். ஆண்கள் இருவரும் படியிறங்கிப் போனார்கள்.

நான் வீட்டுக்கு வந்து மினிட்ஸில் தேதி போட்டேன். அதன் கீழே எழுதியதை இங்கே அப்படியே தருகிறேன்: "முதல் கசிவுக்குக் காரணம் வேரா, துளையா என்பது சரிபார்க்கப்படவில்லை."

இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை. அந்த ஜன்னலுக்குத் திரையும் இன்னும் வரவில்லை.